முதலில் பார்ப்போம், பிறகு பேசுவோம்

மாணவர்களாக இருந்தபோது பல்கலைக்கழகத்தில் இனவரைவியல் படங்களுக்கென ஒரு திரையிடல் சங்கம் நடத்தினோம். அப்படியொரு சங்கத்தைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் எந்தப் படத்தில் ஆரம்பிக்கலாம் என்று கேட்டால், யோசிக்காமல் 'தி ஆக்ஸ் ஃபைட்' என்பேன்.

அரை மணி நேரப் படம், வெளிவந்தது 1975இல். வெனிசுவேலாவின் யானோமாமி பழங்குடியினரின் ஊர் ஒன்றில் 1971இல் திடீரென மூண்ட சண்டையை ஆய்வாளர்களான டிமோதி ஆஷும் நெப்போலியன் ஷேக்னனும் பதிவு செய்தார்கள். முதலில் வெட்டாத காட்சி அப்படியே ஓடும். தடி, கோடரி, கூச்சல். யார் யாரை அடிக்கிறார் என்றே பிடிபடாது. அந்த இடத்தில் படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டுவிடுங்கள். ஆளுக்கொரு தாள் கொடுத்து, கண்ணில் பட்டதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். 'ஏன் சண்டை?' என்று கேட்கவே கேட்காதீர்கள். கேட்காமலே பாதிப் பேர் காரணம் எழுதியிருப்பார்கள்!

மீதியை ஓட்டும்போது அரங்கில் சலசலப்பு எழும். அதே சண்டை மெதுவாக, ஆட்களை அடையாளம் காட்டியபடி திரும்ப வரும். பிறகு உறவுமுறை வரைபடம். கடைசியில் நேர்த்தியாகத் தொகுத்த வடிவம். முறைகேடான உறவால் வந்த சண்டை என்றுதான் ஆய்வாளர்களுக்கே முதலில் தகவல் கிடைத்தது. அது தவறென்று படமே சொல்லிவிடுகிறது. வாழைக்காய் தர மறுத்த பெண்ணை விருந்தாளி ஒருவன் அடித்ததில் மூண்டது அது. அடியில் பழைய பங்காளிப் பகை. இப்போது அவரவர் தாளை அவரவரே வாசிக்கட்டும். முறைப்படியான விவாதம் தனியாகத் தேவைப்படாது.

இனுயிட் குடும்பம் ஒன்றைக் காட்டும் 'நானூக் ஆஃப் த நார்த்' (1922) போட்டால், உள்ளே வெளிச்சம் வர பாதி இக்ளூவை (பனிவீட்டை) வெட்டித் திறந்துவைத்துப் படமெடுத்தார்கள் என்பதை முடிந்த பிறகு சொல்லுங்கள். முன்பே சொன்னால் எல்லோரும் குற்றம் தேடுவார்களே தவிர, அந்தக் குடும்பத்தைப் பார்க்க மாட்டார்கள்.

பேராசிரியரைக் கடைசியில் பேச வையுங்கள். அவர் தொடங்கிவிட்டால் முதலாண்டுப் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. முதல் பேச்சு, படத்தில் வரும் ஊரை அறிந்தவருக்கு. காசியைப் பற்றிய 'ஃபாரஸ்ட் ஆஃப் பிளிஸ்' (1986) படத்தில் வர்ணனையும் கிடையாது, வசனத்துக்குத் துணையெழுத்தும் கிடையாது. சுடுகாட்டுத் தலைவரான டோம் ராஜா பேசும் காட்சியை எங்களில் பலர் ஏதோ சடங்கு என்று எண்ணி பக்தியோடு பார்த்தோம். அந்தப் பக்கத்து மாணவி ஒருத்தி எழுந்து, "சிதை நெருப்புக்குப் பேரம் நடக்கிறது" என்றாள். அதன்பின் அவளைத்தான் எல்லோரும் கேள்வி கேட்டார்கள்.