பசி வந்து எழுப்பும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாடிப்படிக்குக் கீழே மழைக்கு ஒதுங்கிய செம்பட்டை நாய்க்குட்டிக்கு ஒரு காது மடங்கியிருக்கிறது என்று எழுதியிருந்தாய். “வளர்க்கலாமா பெரியம்மா?” என்று கேட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே ‘முறுக்கு’ என்று பேர் வைத்துவிட்டதாகவும் சொல்கிறாய். பேர் வைத்த பிறகு என்ன யோசனை கேட்பது!

ஆனாலும், ‘தனிமையா இருக்கு, ஆறுதலா இருக்கும்’ என்கிறாயே, அந்த ஆறுதல் என்ற சொல்லோடு எனக்குக் கொஞ்சம் வழக்கு இருக்கிறது. உன் பெரியப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். மறுநாள் விடிந்தும் நான் எழுந்திருக்கவில்லை. எழுந்து யாருக்குக் காபி போட? எங்கள் நாய் மணி வந்து கட்டிலோரம் நின்றான். என் துக்கம் புரிந்து கண்ணீர் விட்டான் என்றெல்லாம் கதை சொல்லமாட்டேன். அவனுக்குப் பசி. காலித் தட்டை மூக்கால் தள்ளித் தள்ளிக் கூடத்திலிருந்து கட்டில்வரை கொண்டுவந்துவிட்டான். எவர்சில்வர் தட்டு சிமெண்டுத் தரையில் உரசுகிற சத்தம் உனக்குத் தெரியுமில்லையா? எரிச்சலில்தான் எழுந்தேன். அவனுக்குச் சோறு பிசைந்தேன்; அடுப்படிக்கு வந்தாயிற்றே என்று எனக்கும் ஒரு டம்ளர் காபி. சாயங்காலம் ஐந்தரைக்கு வாசலில் நின்று குரைத்தான். செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைவரை போனேன். பூக்காரம்மா நிறுத்திப் பேசினாள். நாலு மாதம் இப்படித்தான் ஓடியது. துக்கம் கேட்க வந்தவர்கள் யாரும் என்னைத் தெருவுக்குக் கூட்டிப்போகவில்லை.

2015-இல் ஜப்பானில் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். நாயும் வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்த்திருந்தால் இருவர் உடம்பிலும் ஆக்சிடோசின் கூடுகிறதாம். தாய்க்கும் பச்சைப் பிள்ளைக்கும் சுரக்கும் அதே ஹார்மோன். மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் இது நடக்கவில்லை. இருக்கலாம். மணி என் கண்ணைப் பார்த்ததெல்லாம் பிஸ்கட் டப்பாவுக்காக என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் பார்வோ முதலான நோய்களுக்கு முதல் ஊசி. மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி. அப்புறம் டாக்டர் சொல்கிற கணக்கில் தவறாமல். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது. ஊசி போடாத குட்டி விளையாட்டாகப் பல் பதித்தாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றே நீ டாக்டரைப் பார்க்க வேண்டும். ‘குட்டிதானே’ என்று இருந்துவிடாதே. வெங்காய சாம்பார், சாக்லேட், திராட்சை எதுவும் அதற்கு ஆகாது. அறைத்தோழியிடமும் வீட்டுக்காரரிடமும் இன்றைக்கே சொல்லிவிடு. பத்து மணி நேரம் பூட்டிய வீட்டில் குட்டி தனியாகக் கிடக்க முடியாது. மத்தியானம் வந்து பார்க்க ஆள் இல்லையென்றால் வேறு நல்ல வீடு பார்த்துக் கொடுத்துவிடு. அதில் குற்றமில்லை. ஆசையாக எடுத்து ஆறு மாதத்தில் தெருவில் விடுகிறவர்களைத்தான் என்னால் மன்னிக்க முடிவதில்லை.

நாயின் ஆயுசு 12, 13 வருஷம். உனக்கு இப்போது 23. நீ மாற்றப்போகும் வேலைகள், வீடுகள், கட்டிக்கொள்ளப்போகிறவன் எல்லாரையும் முறுக்கு மோந்து பார்த்துவிட்டுத்தான் போகும். மணி போன அன்று நான் சாப்பிடவில்லை. ஐந்தரைக்கு மட்டும் கால் தானாக வாசலுக்குப் போனது. இன்றைக்கும் போகிறது. பூக்காரம்மா கடையை இன்னும் மாற்றவில்லை.

அவன் தட்டு பரணில்தான் கிடக்கிறது. கூரியரில் அனுப்பட்டுமா? உன் கீழ்வீட்டுக்காரர்கள் அதிகாலையில் எழுகிறவர்களா என்று மட்டும் கேட்டுச் சொல்.

அன்புடன்,
பெரியம்மா