கைவிட்ட கணை

நுழையும்முன்

நாணில் பொருந்தியிருக்கும்வரை அம்பு எய்பவருக்குக் கட்டுப்பட்டது. விடுபட்டபின் எவருக்கும் கட்டுப்படாது. அது குறி தவறினால் எய்தவரின் கடமை யாது? தயரதன் வரலாற்றை முன்வைத்து ஆராய்கிறது இப்பாடம்.

சிவகங்கை மாவட்டம் நாட்டரசன்கோட்டையில், கம்பர் சமாதி என மக்கள் போற்றும் நினைவிடம் உள்ளது. 'கம்பன் அடிப்பொடி' சா. கணேசன் 1939ஆம் ஆண்டு காரைக்குடியில் தோற்றுவித்த கம்பன் கழகம், தன் விழாவின் நிறைவு நாளை அவ்வூரில் கொண்டாடுகிறது. செட்டிநாடு இவ்வாறு போற்றும் கம்பராமாயணத்தில் தயரதனின் முடிவுக்கு வித்தாவது, குறி தவறிய ஓர் அம்பே.

வேட்டைக்குச் சென்ற தயரதன் நீர் முகக்கும் ஒலியைக் கேட்டான். யானை நீர் பருகுவதாக எண்ணி, ஒலி வந்த திசையில் அம்பு தொடுத்தான். எழுந்ததோ மனிதக் குரல்! பார்வையற்ற பெற்றோருக்காக நீர் எடுக்க வந்த இளைஞன் வீழ்ந்து கிடந்தான்.

காணாது எய்தது தயரதன் பிழை. கண்டு எய்தாலும் பிழை நேரும் என்பதற்கு மான் வேட்டை சான்றாகும். 30 மீட்டர் தொலைவில் நிற்கும் மானை நோக்கி, நொடிக்கு 80 மீட்டர் வேகத்தில் அம்பு செல்வதாகக் கொள்வோம். அது மானை அடைய ஏறத்தாழ 0.38 நொடி ஆகும். நாணொலியோ 0.09 நொடியிலேயே மானின் செவியை எட்டிவிடும். திடுக்கிட்ட மான், பாய்ந்தோடும் முன் உடலைத் தாழ்த்தும். நெஞ்சைக் குறித்த அம்பு முதுகில் தைக்கும். புண்பட்ட மான் புதருக்குள் ஓடி, நெடுநேரம் துன்புறும். எனவே, வில்வேட்டைக்கு இசைவுள்ள நாடுகளில், ஐயம் எழுந்தால் அம்பை விடாதிருப்பதும், காயமுற்ற விலங்கைக் குருதித் தடம் பற்றித் தேடிச் செல்வதும் வேட்டை அறமாகக் கருதப்படுகின்றன. இந்தியாவில் மான் வேட்டையை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்கிறது.

தயரதனும் தன் அம்பைப் பின்தொடர்ந்தான். அவன் மன்னன், விலகிச் சென்றிருந்தால் வினவுவார் இலர். ஆயினும், இளைஞன் வேண்டியவாறு நீரை எடுத்துச் சென்று, பெற்றோரிடம் தன் பிழையைத் தானே உரைத்தான். மகனைப் பிரிந்து தாம் மடிவதுபோல் அவனும் மடிவான் எனத் தந்தை சபித்தார். பின்னாளில் இராமன் கானகம் செல்ல, அச்சாபம் பலித்தது.

உண்மையை உரைத்ததால் தயரதன் தண்டனையிலிருந்து தப்பவில்லை. எனினும், அவன் செல்லாதிருந்தால் அம்முதியோர், வாராத மகனுக்காகத் தாகத்துடன் காத்திருந்திருப்பர். பிழையை ஒப்புக்கொள்வது தப்பிக்கும் வழியன்று. துன்புற்றோரை அறியாமையில் கைவிடாத அறம். ஆராயாத செய்தியைக் கைப்பேசியில் பரப்புவதும் ஒலியை மட்டும் நம்பி எய்வதேயாகும். எய்யும்முன் தெளிவும், எய்தபின் பொறுப்பும் வில்லேந்தாத நமக்கும் உரியன.

கற்பவை கற்றபின்

'அறியாமல் செய்த பிழைக்கும் பொறுப்பு உண்டு' என்னும் கருத்தை ஏற்றும் மறுத்தும் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.