நந்தவனத்தில் பன்னீர் ரோஜா

இறைவனுக்குச் சூட்டும் மாலைகளில் இன்று முதலிடம் பெறுவது ரோஜா. ஆயினும் நம் பழைய நூல்கள் இம்மலரை அறியா. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறும் 99 மலர்களுள் இது இல்லை.

நந்தவனத்திற்கு ஏற்றது எட்வர்டு ரோஜா எனப்படும் பன்னீர் ரோஜாவே. (திருச்செந்தூரில் இலைவிபூதி வழங்கப் பயன்படும் பன்னீர் மரம் வேறு; பெயரால் மயங்கற்க.) இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில், வேலியாக நட்ட டமாஸ்கஸ் ரோஜாவும் சீன ரோஜாவும் கலந்து 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிப்பட்ட இனம் இது. மணம் முன்னதன் கொடை. பலமுறை பூக்கும் இயல்பு பின்னதன் கொடை. இளஞ்சிவப்பு மலர்கள் கொத்தாகப் பூக்கும். இதழ் விரைவில் உதிர்வதால் சாடியில் வைக்க ஆகாது. மாலைக்கும் அருச்சனைக்கும் இதனினும் சிறந்ததில்லை.

பெரிய பூவை விரும்பி ஒட்டுச்செடிகளை நட்டுப் பின் வருந்துவோர் பலர். ஒட்டுக்குக் கீழிருந்து கிளைக்கும் தளிரை உடனுக்குடன் நீக்காவிடின், மேற்செடி நலிந்து அடிச்செடியே ஓங்கிவிடும். பன்னீர் ரோஜாவோ வெட்டிய தண்டை நட்டாலே வேர் பிடிக்கும். மேற்கிளை பட்டுப்போயினும் அடியிலிருந்து அதே செடியே தழைக்கும்.

நாளொன்றுக்கு ஆறு மணி நேரமேனும் நேர்வெயில் வேண்டும். மதில் நிழலில் நட்டால் இலை மிகும், பூ குறையும். நீர் தேங்காத செம்மண் கலந்த நிலம் உகந்தது. முக்கால் முழ அளவிலன்று, ஒரு முழம் ஆழ அகலமுள்ள குழியில் மட்கிய தொழுவுரம் 10 கிலோ இட்டு, மழைக்காலத் தொடக்கத்தில் நடுக. தண்ணீரை வேரடியில் ஊற்றுக. மாலையில் இலைகளை நனைத்தால் கரும்புள்ளி நோய் பரவும். ஆண்டுக்கொருமுறை, அக்டோபர் முதல் டிசம்பருக்குள், பழங்கிளைகளைப் பாதியளவு கவாத்துச் செய்க. கத்தரிக்க அஞ்சுவோர் தோட்டத்தில் முள்ளே மிஞ்சும்.

பூச்சிக்கு நஞ்சு தெளிப்பது இங்குப் பொருந்தாது. இம்மலரின் இதழ் தீர்த்தத்திலும் விழும். பிரசாதமாய்க் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் போகும். வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தும், நோயுற்ற இலைகளைக் கிள்ளி அகற்றியும் காக்கலாம். சில பூக்கள் குறைந்தால் குறையட்டும்.

வெயில் ஏறுமுன் பறித்தல் வேண்டும். மணந்தரும் எண்ணெய் வெப்பத்தில் ஆவியாகிவிடும். அதிகாலையில் கொய்த பூவுக்கும் நண்பகலில் கொய்த பூவுக்கும் உள்ள வேறுபாட்டை மாலை தொடுப்போர் கண்ணை மூடிக்கொண்டே சொல்வர்.