தரங்கம்பாடி தர்மப் பள்ளிக்கூடம்: சங்க அங்கத்தினர்க்கு ஒரு பாடம்

கீழ்பென்னாத்தூரைச் சுற்றியுள்ள கிராமங்களின் ஐக்கிய சங்க அங்கத்தினர் பலரும், திருவண்ணாமலைக்குச் செல்லுங்கால் டேனிஷ் மிஷன் பள்ளியைக் கண்டிருப்பார்கள். கடல் கடந்த டென்மார்க் தேசத்தின் பெயர் நமது பக்கம் வந்தது எவ்வாறு? அச்சரித்திரத்தை அறிந்தால், ஒரு பள்ளிக்கூடத்தை நிலைநிறுத்துவது எது, தளரச் செய்வது எது என்பதும் விளங்கும்.

1. ஆரம்பம்

டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய சீகன்பால்கு, புளூட்சோ என்னும் ஜெர்மானியப் பாதிரிமார் இருவர், 1706-ம் வருஷம் ஜூலை மாதம் 9-ந் தேதி தரங்கம்பாடியில் வந்திறங்கினர். சீகன்பால்கு, திண்ணைப்பள்ளி உபாத்தியாயர் ஒருவரைத் தமது இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுவரோடு சிறுவராக அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் பயின்றார். 1707-ல் தர்மப் பள்ளிகள் ஏற்பட்டன. பெண்குழந்தைகளுக்கும் ஒரு பள்ளி வைக்கப்பட்டது. தங்கள் மதத்தைப் பரப்புவதே பாதிரிமாரின் நோக்கம். ஆயினும் ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வியும், உணவும், உடையும் அங்கே இலவசமாகக் கிடைத்தன.

2. இடர்

பள்ளியின் வரும்படி முழுவதும் ஐரோப்பாவையே நம்பியிருந்தது. 1708-ல் கப்பலில் வந்த பணம், கரை சேர்க்கும் படகு கவிழ்ந்தமையால் கடலில் மூழ்கிற்று. அவ்வருஷக் கடைசியில் டேனிஷ் கோட்டைத் தலைவர் சீகன்பால்கைச் சிறையிலிட்டார். நான்கு மாதம் அவர் காவலில் இருந்தார். 1709-ல் புதிய உதவியும் ஆட்களும் வந்து சேர்ந்த பின்னரே வேலை மீண்டும் ஊக்கம் பெற்றது.

3. பரிகாரம்

பின்னர் அவர்கள் வேண்டியவற்றில் சிலவற்றை இங்கேயே செய்துகொள்ளத் தலைப்பட்டனர். லண்டன் சங்கம் ஒன்று அச்சியந்திரம் அனுப்பிற்று. ஜெர்மனியில் வார்த்த தமிழ் எழுத்துக்கள் மிகப் பெரியனவாயிருந்து காகிதத்தை விழுங்கின. ஆகவே தரங்கம்பாடிக்கு அடுத்த பொறையாற்றில் சிறிய எழுத்துக்கள் வார்க்கப்பட்டன. காகிதப் பட்டறையும் அமைந்தது. கடுதாசிப்பட்டறை என்னும் பெயர் அங்கே இன்றும் வழங்குகிறது. 1716-ல் சுதேச உபாத்தியாயரைப் பயிற்றுவிக்கவும் தொடங்கினர். 1719-ல் சீகன்பால்கு காலமானார், பள்ளிகளோ நின்றுவிடவில்லை.

4. பிற்காலம்

1808-ல் ஆங்கிலேயர் தரங்கம்பாடியைக் கைப்பற்றினர். 1845-ல் அது விலைக்கே அவர்கள் வசமாயிற்று. பழைய மிஷன் வேலை லைப்சிக் மிஷனைச் சேர்ந்தது. சபையில் ஜாதி வித்தியாசத்தை அனுமதிக்கலாமா என்ற வழக்கில், அனுமதிக்கலாகாதென்ற கார்ல் ஓக்ஸ் என்பவர் அதிலிருந்து பிரிந்து, தென்னாற்காட்டுப் பட்டாம்பாக்கத்தில் வேலை தொடங்கினார். 1860-களில் டேனிஷ் மிஷன் சங்கம் அவ்வேலையை ஏற்றது. அதன் பணி திருவண்ணாமலை வரை பரவிற்று.

5. நாம் அறிய வேண்டுவன

தூரத்திலுள்ள ஒரே பணப்பையை நம்பும் பள்ளி, ஒரு படகு கவிழ்ந்தால் தானும் தத்தளிக்கும். உள்ளூரிலேயே உபாத்தியாயரும் உபகரணமும் உண்டானால், ஸ்தாபித்தவர் மறைந்த பின்னும் அது நடக்கும்.

நமது சங்கங்களுக்கு இதில் பங்குண்டு. 1912-ம் வருஷத்து ஐக்கிய சங்கச் சட்டம், நிகர லாபத்தில் நாலில் ஒரு பங்கைச் சேமநிதியில் சேர்த்தபின், மிச்சத்தில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாத தொகையை, ரிஜிஸ்திராரின் அனுமதி பெற்று, தர்ம காரியங்களுக்குக் கொடுக்க இடமளித்தது. கல்வியும் அவற்றுள் ஒன்று. நிகர லாபம் 400 ரூபாயானால், சேமநிதிக்கு 100, மிச்சம் 300, கொடுக்கத்தக்கது 30 ரூபாய். தொகை சிறிதே. ஆயினும் வருஷந்தோறும் தவறாது வருவது, என்றோ ஒருநாள் வரும் பெருந்தொகையினும் பள்ளிக்கு உறுதியானது. இக்காலத்துச் சட்டத்தையும் உங்கள் சங்கத்தின் உபவிதிகளையும் பார்த்து, அவை அனுமதிக்கும் அளவை அறிந்துகொள்க.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்:

(1) நமது ஊர்ப் பள்ளியின் செலவு எத்தனை வழிகளில் வருகிறது? அவற்றில் ஒன்று நின்றால் என்ன ஆகும்?

(2) படிப்பை நடுவில் நிறுத்திய பெண்குழந்தைகள் எத்தனை பேர்? காரணம் யாது?

(3) எல்லா ஜாதிப் பிள்ளைகளும் பள்ளியில் வேற்றுமையின்றி நடத்தப்படுகின்றனரா?

(4) சென்ற வருஷ லாபத்தில் கல்விக்கென நாம் ஒதுக்கியது எவ்வளவு?