மருந்தும் நிறைகோலும்

கிருமியின் பெயர் தெரிந்தால் மருந்தின் பெயரும் தெரிந்துவிடும் அன்றோ எனப் பலர் கருதுவர். ஆயின் மருந்து கிருமியை மட்டும் தொடுவதன்று; நோயாளியின் உடலையும் தொடுகின்றது. இதனை மலேரியாவைக் கொண்டு விளக்குவாம்.

முத்துக்குளிப்பினாற் பெயர்பெற்ற மறிச்சுக்கட்டியும் அதனைச் சூழ்ந்த மன்னார்க் கரையும் உலர்வலயத்தைச் சேர்ந்தவை. அவ்வலயத்து மக்கள் நெடுங்காலம் குளிர்காய்ச்சலால் வருந்தினர். 1963இல் இலங்கை முழுவதிலும் 17 பேரிடமே மலேரியா காணப்பட்டது. காவல் தளரவே, சில ஆண்டுகளுள் அது இலட்சக்கணக்கானோரைப் பற்றியது. 2012 ஒக்டோபரின் பின் உள்நாட்டுத் தொற்று ஒழிந்து, 2016இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்றும் கிடைத்தது. அவ்வாண்டிறுதியிலேயே அனோபிலிசு ஸ்டெபென்சி என்னும் புதிய நுளம்பு மன்னாரிற் கண்டறியப்பட்டது. எனவே பிறநாட்டிலிருந்து நோயோடு வருபவர் ஒருவரையும் புறக்கணித்தலாகாது.

வைவாக்ஸ் மலேரியாவிற் குருதியிலுள்ள கிருமியைக் குளோரோகுயின் கொல்லும். ஈரலில் உறங்கும் கிருமியோ எஞ்சி நின்று, பல மாதங்களின் பின்னும் காய்ச்சலை மீட்டுத் தரும். அதனை அழிப்பது பிரிமாகுயின். வழக்கமாக 14 நாள் உட்கொள்ளவேண்டும். ஜி6பிடி என்னும் நொதியம் குறைந்தவர்க்கு இம்மருந்தே செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும். இக்குறைபாடு பரம்பரையானது, மலேரியா மிகுந்த நாடுகளிலேயே மிகுதியாகக் காணப்படுவது. இதன் காரணம் 1956இல் அறியப்பட்டது.

வைத்தியர் யாது செய்வார்? கொடாதுவிடின் நோய் மீளும். நுளம்பு வழியே ஊருக்கும் பரவலாம். கொடுத்தாற் சிலர்க்கு உயிருக்கே இடர். ஆதலின் முதலிற் குருதியைச் சோதிப்பார். நொதியம் போதுமாயின் 14 நாள் மருந்து. குறைவாயின் வாரம் ஒருமுறையாக 8 வாரம், அணுக்கமான கண்காணிப்பில் கொடுத்தல் பற்றி ஆராய்வார். கருவுற்ற பெண்ணுக்குப் பிரிமாகுயினைத் தவிர்ப்பார். கருவின் நொதிய நிலையை அறிதல் அரிதன்றோ? அவளை வாரந்தோறும் குளோரோகுயினாற் காத்து, ஏற்ற காலம் வரும்வரை பொறுப்பார். ஒரே நோய்க்கு மூவர்க்கு மூன்று வழி!

நிறைகோல் வைத்தியர் கையில் உள்ளதெனினும், அதில் இடுதற்குரிய உண்மைகள் நோயாளியிடமே உள. பிறநாடு சென்று மீண்டோர் காய்ச்சல் கண்டால் தம் பயணத்தை மறையாது கூறுக. மருந்துண்ணுங்கால் சிறுநீர் கறுத்தாலோ கண் மஞ்சளித்தாலோ உடனே மருந்தை நிறுத்தி வைத்தியசாலையை அடைக. அயலார்க்கு நலந்தந்த குளிசை நமக்கும் நலந்தருமென எண்ணற்க.