எல்லை தாண்ட எந்த மலைச்சாலை?

மதுரையிலிருந்து காரில் கேரளத்துக்குள் நுழையப் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றைத்தான் பிடிப்போம்: போடிமெட்டு, குமுளி, புளியரை. எத்தனை மணி நேரம் ஆகும் என்பதை மேப் சொல்லிவிடும். கூட வருவது யார், போவது எந்த மாதம் என்பதைப் பார்த்து வழியை முடிவுசெய்ய வேண்டியது நாம்தான்.

வயதானவர்களும், வளைவு ஏறினாலே வாந்தி எடுக்கும் பிள்ளைகளும் இருந்தால் புளியரை போதும். திருமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி என்று செங்கோட்டை வரை சமவெளிதான். வலப்பக்கம் மலை கூடவே வரும். ஏற்றம் குறைவு. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர். எல்லைக்கு அப்பால் கழுதுருட்டியில், மீட்டர்கேஜ் காலத்து 13 கண் பாலம் சாலையோரமே நிற்கிறது. குற்றால சீசனில் போனால் சாரலும் கிடைக்கும். லாரி நெரிசல்தான் இந்த வழியின் குறை.

மற்ற இரண்டுக்கும் தேனி வரை ஒரே சாலை: உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், சுமார் 75 கி.மீ. அங்கிருந்து பிரிகிறது.

முதல்முறை போகிறவர்கள் குமுளி வழியாகப் போங்கள் என்றே சொல்வேன். காரணம் தேக்கடிப் படகு அல்ல, தண்ணீர். சின்னமனூர், கம்பம், கூடலூர் என்று வயலும் திராட்சைப் பந்தலும் மாறி மாறி வரும். இந்தப் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கும் பெரியாற்றுத் தண்ணீர்தான். லோயர் கேம்பில், பெரியாற்று அணையைக் கட்டிய பென்னிகுயிக்கின் மணிமண்டபத்தில் இறங்குங்கள். பிறகு மலை ஏறும்போது, மேலிருந்து மின்நிலையத்துக்குச் சரியும் ராட்சதக் குழாய்கள் தெரியும். வளைவில் நிறுத்தாமல், அகலமான இடமாகப் பார்த்து ஓரங்கட்டிவிட்டு நின்று பாருங்கள். மேற்கே அரபிக்கடலுக்குப் போயிருக்க வேண்டிய ஆறு 1895 முதல் மலையைக் குடைந்து கிழக்கே திரும்பி, முல்லையாறாக வைகையில் சேர்கிறது. மதுரையில் நம் வீட்டுக் குழாயில் வருவதில் அதற்கும் பங்குண்டு. பிள்ளைகளுக்கு இதை அங்கே நின்று சொல்லுங்கள்; மறக்கவே மாட்டார்கள்.

கார்த்திகை, மார்கழியில் மட்டும் குமுளியைத் தவிர்க்கலாம். ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் நிரம்பி, சபரிமலை வாகனங்களைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள்.

போடிமெட்டு அழகில் முதல். ஓட்டுநருக்குச் சோதனையிலும் முதல். முந்தல் தாண்டியதும் ஏற்றம், 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏற ஏறப் புளியமரங்களும் தென்னந்தோப்புகளும் சிறுத்து, சமவெளி முழுவதும் காலடியில் விரியும். ஏலக்காய் வாசம் வந்தால் எல்லை வந்துவிட்டது என்று அர்த்தம். காலையில் ஜீப்புகள் வேகமாக ஏறிக்கொண்டிருக்கும். அவற்றில் இருப்பவர்கள் ஏலத் தோட்டத்துக் கூலிப் பெண்கள். நமக்கு உல்லாசப் பயணம், அவர்களுக்கு அன்றாடப் பிழைப்பு. ஒதுங்கி வழிவிடுங்கள்.

இரண்டு நாள் கையில் இருந்தால் ஒரு வழியைத் தேர்வுசெய்ய வேண்டியதே இல்லை. குமுளியில் ஏறி, நெடுங்கண்டம், பூப்பாறை வழியாக வந்து போடிமெட்டில் இறங்குங்கள். என் தேர்வு இதுதான். சமவெளியைப் பார்த்தபடி இறங்குவது ஏறுவதைவிட நிறைவாக இருக்கும்.

வாடகை டாக்சி என்றால் கேரள பெர்மிட் கட்டியாயிற்றா என்று கிளம்பும்முன்பே கேட்டுவிடுங்கள். சொந்தக் காருக்கு அது தேவையில்லை. இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் செகண்ட் கியரிலேயே வாருங்கள், ஏறிவரும் வண்டிக்கு முதலிடம் கொடுங்கள். மாலை நான்கு மணிக்குள் போடிமெட்டைத் தாண்டிவிடுங்கள். மூடுபனி இறங்கிவிட்டால் அடுத்த வளைவே கண்ணுக்குத் தெரியாது.