எருக்கிலையில் கற்ற பாடம்

சென்ற விடுமுறையில் புத்தூரில் எங்கள் வீட்டுப் புறக்கடை எருக்கஞ்செடியில் இரு புழுக்களைக் கண்டேன். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகள். முதுகில் மூன்று இணைக் கொம்புகள். வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் அவை. அமெரிக்க மாணவர் வளர்க்கும் மோனார்க் பூச்சிக்கு நெருங்கிய உறவு. எருக்கிலையின் நஞ்சை உடலில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் இவற்றை அண்டுவதில்லை.

ஒன்றை உயரங்குறைந்த தகரப் பெட்டியிலும், மற்றொன்றைக் குச்சி நட்ட பெரிய கண்ணாடிச் சாடியிலும் விட்டேன். இரண்டின் மூடியிலும் காற்றுக்குத் துளையிட்டேன். நாள்தோறும் புதிய இலை இட்டு, எச்சத்தை அகற்றினேன். எருக்கம்பால் கண்ணுக்குத் தீங்கு. ஆதலின் கைகளை நன்கு கழுவ வேண்டும்.

முழு வளர்ச்சி பெற்றதும் அவை பட்டிழையால் பிடிப்பமைத்துத் தலைகீழாய்த் தொங்கின. தோலை உரித்துப் பச்சைக் கூட்டுப்புழுக்களாயின. சில நாள் கழித்துக் கூட்டின் வழியே செந்நிறச் சிறகு தெரிந்தது.

பெட்டியிலிருந்த பூச்சியே முதலில் வெளிவந்தது. பிறந்தவுடன் சிறகு ஈரமாய்ச் சுருங்கியிருக்கும். தொங்கியபடி உடல்நீரைச் சிறகு நரம்புகளுக்குள் செலுத்தினால்தான் அது விரியும். என் பெட்டியில் அதற்கு இடமில்லை. சிறகு மடிந்தபடியே இறுகிவிட்டது. பிறகு திருத்த வழியில்லை. குற்றம் என்னுடையதே. பறக்கவியலாத அப்பூச்சி இறக்குமட்டும் சர்க்கரை நீர் ஊட்டினேன்.

மற்றொன்று குச்சியில் தொங்கிச் சிறகை உலர்த்திப் பறந்து சென்றது.

நண்பர்களே, நீங்களும் வளர்த்துப் பாருங்கள். ஆனால் இலை தேடுமுன் உயரமான கூண்டைத் தேடுங்கள்.